மீக்காத்தைத் தாண்டியவர்

ஜனவரி 27, திங்கள்

மகன் இலியாஸ் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய புது வருஷ டைரி இத்தனை நாள் பீரோ மேல் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். பிள்ளைகளை எழுது எழுது என்று உயிரை எடுத்தவள். நானே ஒரு வரி எழுதாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

காலையில் கம்பத்துக்குப் போய் இவருக்கு எக்கோ எடுத்தோம். இருதயம் கால்வாசிதான் வேலை செய்கிறதாம். "பயணம் கியணமெல்லாம் யோசிச்சு வைங்க பாய்" என்றார் டாக்டர். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "யோசிச்சாச்சு டாக்டர். அடுத்த வாரம் மக்காவுக்கு உம்ரா போறோம். பேசி முடிச்சுட்டேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பேசி முடிச்சுட்டேன். ஏலக்காய் வியாபாரி சிக்கந்தர் ராவுத்தர் வாயில் நான் அதிகம் கேட்ட சொல் இதுதான். வீடு கட்டினபோதும் இதைத்தான் சொன்னார். மகள் தில்ஷாத்தை அவர் அக்கா மகனுக்குக் கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னார்.

உத்தமபாளையம் திரும்பும்போது மழை. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது.

ஜனவரி 29, புதன்

மதரஸா ஹாலில் உம்ரா வகுப்பு. சைபுல்லா ஹஜ்ரத் கரும்பலகையில் மக்காவை ஒரு புள்ளியாக வைத்து, அதைச் சுற்றி ஐந்து இடங்களைக் குறித்தார். மீக்காத் என்றால் எல்லை. மக்காவுக்குப் போகிறவர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தத் திசையின் எல்லையைத் தாண்டுவதற்கு முன் இஹ்ராம் கட்டி, யாத்திரைக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட வேண்டும். விமானத்தில் போகிற நமக்கு அது வானத்திலேயே வந்துவிடுமாம். "பிளேன் நமக்காக நின்னு போகாது. அறிவிப்பு வந்ததும் சொல்லிறணும். ஜித்தாவுல எறங்கிப் பாத்துக்கலாம்னு யாரும் நெனைக்க வேணாம்" என்றார்.

மேலத்தெரு ரமலத் அக்கா கேட்டார்: "ஏன் ஹஜ்ரத், வீட்லயே கட்டிட்டுக் கெளம்பிட்டா என்ன?"

"கட்டலாம்மா. ஆனா கட்டுன நிமிசத்துல இருந்து அத்தர் கூடாது, நகம் வெட்டக் கூடாது, சண்டை சச்சரவு கூடாது."

"அப்ப எங்க வீட்டுக்காரரை இன்னைக்கே கட்டச் சொல்லுங்க" என்றார் அக்கா. ஹால் முழுக்கச் சிரிப்பு. இவரும் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ஹஜ்ரத் ஒன்று சொன்னார். ஆண்கள் தையல் இல்லாத வெள்ளைத் துணி இரண்டைச் சுற்றிக்கொண்டுவிட்டால் மட்டும் அது இஹ்ராம் ஆகாதாம். மனதில் நிய்யத் என்கிற உறுதி வைத்து, வாயால் லப்பைக் சொன்னால்தான் இஹ்ராம். "அதுவரைக்கும் அது வெறுந்துணி" என்றார். இவர் அதை இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஏலத்தில் விலை கேட்கிற அதே குரல்.

பிப்ரவரி 1, சனி

புனிதப் பயணம் கிளம்புகிறவர்கள் ஊர் முழுக்கப் போய் மாப்பு கேட்பது எங்கள் வழக்கம். மனுஷருக்குச் செய்த குற்றத்தை மனுஷர்தான் மன்னிக்க வேண்டும், அல்லா அதில் தலையிட மாட்டான் என்பார்கள். இவர் ஆட்டோ பிடித்து வீடு வீடாகப் போய்வருகிறார். கூடவே நானும். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாசகம்: "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்பு பண்ணிருங்க." அவர்களும், "அதெல்லாம் என்னத்தா, நல்லபடியாப் போயிட்டு வாங்க, எங்களுக்கும் துஆ செய்ங்க" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். டீயை மறுக்க முடியாமல் எனக்கு வயிறு புளித்துவிட்டது.

கடைசியாகப் போடிக்குப் போனோம், அவர் பெரியக்கா வீட்டுக்கு. நான் ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. வெயில் என்று சொல்லிவிட்டேன். தில்ஷாத்தின் மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தது வாசலில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளை, என்னைப் பார்த்து ஸலாம் சொன்னது.

அந்த வீட்டுக்குப் பின்னால்தான் கிணறு. தில்ஷாத் தவறி விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. மழைக்காலம், பாசி படிந்த படி. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"மெகராஜ், எல்லார்ட்டயும் கேட்டாச்சு. நீதான் பாக்கி."

"கேளுங்க."

"இத்தனை வருசமா ஒண்ணா இருந்ததுல, தெரிஞ்சோ தெரியாமலோ நான் உனக்கு ஏதாச்சும் செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மாப்பு பண்ணிரு."

தெரிந்தோ தெரியாமலோ. இந்த ஓகாரத்தை எட்டாம் வகுப்புக்கு எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! ஐயப்பொருளில் வரும். இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், எது என்று சொல்பவர் சொல்லத் தேவையில்லை. ஊர் முழுக்க அந்த ஓகாரத்துக்குள் ஒளிந்துகொண்டு மாப்பு வாங்கி வந்துவிட்டார். என்னிடமும் அதையே நீட்டினால்?

"தெரியாம செஞ்சதையெல்லாம் மாப்பு பண்ணிட்டேன்" என்றேன். கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு மெதுவாக, "தெரிஞ்சு செஞ்சது?" என்றார்.

"அப்படி எதுவும் இருக்கா? இருந்தாச் சொல்லுங்க."

எழுந்து போய்விட்டார். நாற்காலியை எடுத்து வைக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அந்தச் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். தில்ஷாத் போடியிலிருந்து பையோடு வந்து நின்றதும், "பெரியவங்க பேசிக்கிறோம், நீ மொதல்ல கெளம்பு" என்று இவர் சொன்னதும், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதும் காதில் விழுந்தது. பால் அடுப்பில் இருந்தது. விட்டுவிட்டு வந்தால் பொங்கிவிடும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இவர் சாப்பிடவில்லை. கீரைக்கூட்டு வீணாகப் போயிற்று.

பிப்ரவரி 6, வியாழன்

ஜித்தா விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டிகள் இன்னும் வரவில்லை.

குமுளி வழியாக வேனில் கொச்சிக்கு வந்தோம். மலையேறும்போது ரமலத் அக்கா இரண்டு முறை வாந்தி. இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏலத்தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கொச்சியில் ஆண்கள் எல்லோரும் வெள்ளைத் துணி மாற்றிக்கொண்டார்கள். இவருக்கு நான்தான் மேல்துண்டைச் சரிசெய்துவிட்டேன். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. எப்போது இவ்வளவு மெலிந்தார் என்று தெரியவில்லை. பரிதாபமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

விமானத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு இவர் என் பக்கம் சாய்ந்தார்.

"மெகராஜ். மீக்காத் வருதுல்ல."

"வரட்டும்."

"நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் கட்டிருவேன்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நானும் சொல்லுவேன்."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அறிவிப்பு வந்தது, அரபியில், பிறகு இங்கிலீஷில். ஹஜ்ரத் எழுந்து நடுவழியில் நடந்துகொண்டே, "எல்லாரும் நிய்யத் வைங்க, லப்பைக் சொல்லுங்க" என்றார். விமானம் முழுக்க அந்தச் சத்தம். லப்பைக் அல்லாஹும்ம லப்பைக். இதோ வந்துவிட்டேன் இறைவா என்று இத்தனை பேர் ஒரே குரலில் சொன்னால் யாருக்கும் உடம்பு நடுங்கும். ரமலத் அக்கா தேம்பித் தேம்பி அழுதார். நானும் சொன்னேன்.

இவர் உதடு அசையவில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே மண் நிற மலைகள். எது எல்லை என்று அங்கே கோடா போட்டிருக்கிறார்கள்? இவர் வெறுந்துணியைச் சுற்றிக்கொண்டு மீக்காத்தைத் தாண்டிவிட்டார். அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

மக்கா. உம்ராவை முடித்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். கஃபாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும் என்றார்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. முதல் பார்வையில் கேட்கிற துஆ கபூலாகும், வீண்போகாது என்று ரமலத் அக்கா கையை உலுக்கினார். தில்ஷாத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வாக்கியம் அமையவில்லை.

இவர் உடம்பு முடியவில்லை என்று அறையிலேயே இருந்துகொண்டார். குழுவில் எல்லோரும், "பாவம், மெதுவாச் செய்யட்டும், இஹ்ராம்லயே இருக்காரு, அதுவே நன்மை" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது கட்டிலில் அந்த வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரை போடவில்லை. திட்டிப் போடவைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியைச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். கொஞ்சம் சாப்பிட்டார்.

பிப்ரவரி 8, சனி

ஹஜ்ரத் அறைக்கு வந்தார். இவரே வரச் சொல்லியிருக்கிறார்.

"ஹஜ்ரத், நான் மீக்காத்துல நிய்யத் வைக்கலை."

ஹஜ்ரத்துக்கு முகம் மாறிவிட்டது. "தூங்கிட்டீங்களா? மறந்துட்டீங்களா?"

"தூங்கலை. மறக்கவும் இல்லை."

ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர், அதற்கு மேல் துருவவில்லை. இங்கேயே இஹ்ராம் கட்டிக்கொண்டு, எல்லை தாண்டிய குற்றத்துக்காக ஓர் ஆடு அறுத்துக் கொடுத்துவிட்டால் போதும் என்றார். இல்லையென்றால் ஏதாவது ஒரு மீக்காத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டும். "பக்கத்துல இருக்குறது தாயிஃப் ரோட்டுல ஸைல். மலைப்பாதை. உங்க ஒடம்புக்கு வேணாம் பாய். ஆடே போதும்."

"ஆடு செஞ்ச தப்பு என்ன ஹஜ்ரத்? நான் திரும்பிப் போய்க் கட்டிட்டு வர்றேன்" என்றார் இவர். "இவளும் வருவா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசி முடித்துவிட்டார். வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். அந்த ஆளிடம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

ஹஜ்ரத் நாளைக்கு ஒரு மலையாளி டிரைவரின் டாக்ஸி ஏற்பாடு செய்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவர் மவுத்தாகிவிட்டார். ஸைல் மீக்காத்தில், மதியம் லுஹர் பாங்குக்குப் பிறகு உயிர் போயிற்று. இன்னா லில்லாஹி.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

டிரைவர் பெயர் மொய்தூட்டி, மலப்புறத்துக்காரர். முன்னால் ஹஜ்ரத், பின்னால் நாங்கள் இருவரும். மலை ஏற ஏற அவர் வாயால் மூச்சு விட்டார். திரும்பிவிடலாமா என்று ஹஜ்ரத் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினார்.

ஸைல் பள்ளிவாசலில் கூட்டம். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, குளித்து, வெள்ளை கட்டி, லப்பைக் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஹஜ்ரத் உள்ளே இடம் பார்த்துவருவதாகப் போனார். மொய்தூட்டி ஏசியை ஓடவிட்டு இறங்கி, கார் கதவருகே நின்றுகொண்டார். வண்டிக்குள் நாங்கள் இருவர்தான்.

"மெகராஜ், ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளு."

நான் முன் சீட்டின் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஜீப்புல தில்ஷாத் எங்கிட்டச் சொன்னா. சின்னமனூர் தாண்டினதும் சொன்னா. 'அத்தா, என்னைக் கொண்டுபோய் விட்டீங்கன்னா நான் இருக்க மாட்டேன்'னு. அழுகலை. சாதாரணமாச் சொன்னா. நாலு நாள்ல சரியாப் போகும்னு நெனச்சேன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுறேன். அப்படி நெனைக்கலை. சொன்னாச் செய்யுற புள்ளன்னு எனக்குத் தெரியும். வண்டியத் திருப்பலாம்னு கை போச்சு. அக்கா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாளோன்னு இருந்துச்சு. திருப்பலை."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் விட்டேன் மெகராஜ். தெரிஞ்சே."

தேற்றேகாரம், உறுதிப்பொருளில் வரும் ஏ. ஐயத்துக்கு இடமில்லை. ஆறு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த எழுத்து அதுதான். கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது, நோயாளி என்றும் பார்க்காமல். என் பிள்ளை சாதாரணமாகச் சொன்னாளாம். அதை இந்த மனுஷர் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் என் கையால் சோறு தின்றிருக்கிறார்.

"உன்னைச் சொல்லலை" என்றார் அவர். "நீ அடுப்படில இருந்த."

ஆமாம். அடுப்படியில்தான் இருந்தேன்.

"இப்பச் சொல்லு. மாப்பா, இல்லையா? நீ எதைச் சொன்னாலும் சரி."

பாங்கு சொன்னார்கள். நான், "மொதல்ல போய் ஒளு செஞ்சுட்டு வாங்க. வந்தப்புறம் சொல்றேன்" என்றேன்.

"வந்தப்புறமா?"

"ம்."

"சரி" என்றார். மொய்தூட்டி கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கி அழைத்துப் போனார். மேல்துண்டு தரையில் இழுபட்டது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி வந்தது. எதைச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் கூப்பிடவில்லை.

பிறகு ஹஜ்ரத் ஓடி வந்தார். கை கால் கழுவி ஒளு செய்கிற இடத்திலேயே விழுந்துவிட்டாராம். ஆம்புலன்ஸில் ஹஜ்ரத்தோடு நானும் ஏறினேன். போகும் வழியிலேயே உயிர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாதம் ஈரமாக இருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அதைத்தான் நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காகித வேலைகள் முடிந்து இன்று அடக்கம். இலியாஸுக்கு விசா கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று சம்மதம் அனுப்பிவிட்டான். போனில் உடைந்து அழுதான். ஆனால் அழுகைக்கு நடுவே ஒரு பெருமை. "அத்தா இஹ்ராமோட போயிருக்காங்கம்மா. நாளைக்கு மறுமையில, மஹ்ஷர்ல, லப்பைக் சொல்லிக்கிட்டே எந்திரிப்பாங்க. ஊரே இதத்தான் பேசுது." ரமலத் அக்காவும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். "கொடுத்து வச்ச மனுசன். யாருக்குக் கிடைக்கும் இந்த மவுத்து?" பெரியக்காகூடப் போடியிலிருந்து போன் செய்தார். தம்பியை நினைத்துச் சந்தோஷப்படுவதாகச் சொன்னார். சந்தோஷப்படுகிறாராம்.

மதியம் ஹஜ்ரத் வந்தார். குளிப்பாட்டுகிற இடத்தில் கேட்கிறார்களாம், மையித் இஹ்ராமில் இருந்ததா என்று. இந்த நாட்டு வழக்கப்படி இஹ்ராமோடு இறந்தவருக்குத் தலையை மூட மாட்டார்கள், வாசனை போட மாட்டார்கள். அந்த இரண்டு துணியிலேயே, திறந்த தலையோடு அடக்குவார்கள்.

"ஆமான்னு சொல்லிறட்டுமாம்மா? துணி கட்டியிருந்தார். மீக்காத்துலதான் இருந்தார். நிய்யத்துக்குத்தானே போனார்."

"அவர் நிய்யத் வைக்கலை ஹஜ்ரத்."

"நான் உள்ளே இருந்துட்டேன். நீங்க வண்டில இருந்தீங்க. உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்."

ஹஜ்ரத் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறார் என்று புரிந்தது. நான் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். நான் மாப்பு சொல்லாமல் அவர் லப்பைக் சொல்ல மாட்டார். விமானத்தில் சொல்லவில்லை, மக்காவில் இரண்டு நாள் வெறுந்துணியோடு உட்கார்ந்திருந்தார். வந்தப்புறம் சொல்றேன் என்றேன், சரி என்றார். வந்து என் பதிலை வாங்கிக்கொண்டுதான் கட்டியிருப்பார்.

"இஹ்ராம் இல்லை. எல்லாரையும் போலத் தலையை மூடச் சொல்லுங்க. கற்பூரம் போடச் சொல்லுங்க."

ஹஜ்ரத் தலைகுனிந்து போனார். என் பிள்ளையையும் தலையை மூடி, கற்பூரம் போட்டுத்தான் எடுத்துப் போனார்கள். அவருக்கு மட்டும் என்ன தனி மரியாதை?

உண்மையைத்தான் சொன்னேன். சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. அது எந்த வகை நிம்மதி என்று இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹரம் பள்ளிவாசலில் ஜனாசா தொழுகை. பெண்கள் பக்கம் நின்று தொழுதேன். எத்தனையோ நாட்டு ஜனங்கள் அவர் யாரென்றே தெரியாமல் அவருக்காகக் கேட்டார்கள். கையைக் கட்டி நின்றேன், அவ்வளவுதான்.

இலியாஸிடம் போனில் சொன்னேன், அத்தா இஹ்ராமில் இல்லை என்று. "அதை ஏம்மா அங்க போய்ச் சொன்ன?" என்று வைத்துவிட்டான்.

பிப்ரவரி 12, புதன்

கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா பற்றி ரமலத் அக்கா சொல்லிக்கொடுத்தார். அவருடைய சட்டைகளை மடித்து வைத்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் மொய்தூட்டி வந்தார். அன்றைக்கு எங்கள் பை அவர் காரிலேயே தங்கிவிட்டது. மறுநாளே ரியாதுக்கு ஓட்டம் போனதால் இன்றுதான் கொண்டுவர முடிந்ததாம். ஹோட்டல் கீழ்த்தளத்தில் ஹஜ்ரத்தும் இருந்தார். பையை என் காலடியில் வைத்துவிட்டு மொய்தூட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உம்மா, ஞான்தன்னே கூட இருந்நது. ஒளு எடுத்து முடிச்சாரு. முடிச்சிட்டு கிப்லா எந்தப் பக்கம்னு கேட்டாரு. காட்டிக்கொடுத்தேன். எந்திரிச்சு நின்னு, நல்லா சத்தமா லப்பைக் சொன்னாரு. முழுசாச் சொன்னாரு உம்மா. ரெண்டு வட்டம், ரெண்டு தடவை. அது கழிஞ்ஞுதான் உட்கார்ந்தாரு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "யாரு?" என்று கேட்டேன்.

"உப்பாதான்."

"வீட்டுக்காரி காத்திருக்கா, முதல்ல அங்க போய்ட்டு வரணும்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல உம்மா. ஒளு முடிஞ்சதும் ஞானே கேட்டேன், காருக்குப் போவாமான்னு. வேணாம், நேரமில்லைன்னாரு."

ஹஜ்ரத் எழுந்துவிட்டார். மொய்தூட்டியைத் தனியே அழைத்துப் போய் மறுபடி கேட்டார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "நாம பின்பத்துற மத்ஹபுல இஹ்ராமோட போனாலும் தலையை மூடுறதுதான் முறைம்மா. ஒண்ணும் தப்பாகிப் போகலை. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். சரி என்றேன்.

என் சொல்லுக்காகக் காத்திருப்பார் என்று நினைத்தேன். இந்த ஒரு விஷயத்திலாவது நான் திறந்துவிட்டால்தான் அவரால் போக முடியும் என்று இருந்தேன். என்னைக் கேட்காமலே போய்விட்டார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மேலே அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தில்ஷாத்துக்கு அழுதபோதுகூட வாயை மூடிக்கொண்டுதான் அழுதேன். இன்று சத்தம் போட்டு அழுதேன். ரமலத் அக்கா கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் இலியாஸைக் கூப்பிட்டேன்.

"அத்தா இஹ்ராம்லதான் இருந்தாங்கடா. பக்கத்துல இருந்தவரு வந்து சொன்னாரு."

"நீதானம்மா இல்லேன்னு அடிச்சுச் சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

அவன் பிள்ளை பின்னால் ஏதோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"இப்ப என்னம்மா செய்யுறது?"

"ஒண்ணும் செய்ய முடியாது. அடக்கியாச்சு."